மத்தளயில் இறங்கிய விமானம்

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் சந்திலுள்ள சிறு கடையில், மழைக்கு ஒதுங்கி இடியப்பம் சாப்பிட உட்கார்ந்திருக்கிறேன். கடைக்கார அக்கா என் தட்டைப் பார்க்கவேயில்லை. போனில் தெரியும் நீல வரைபடத்தையே பார்க்கிறார். மெல்பேர்னிலிருந்து வரும் விமானத்தை ஓட்டுகிற இருவரில் ஒருவர் அவருடைய மகள்.

"கடலுக்கு மேல ரேடார் எட்டாது, மேப்பில காட்டாது எண்டு அவ சொன்னவதான். எண்டாலும் இண்டைக்குக் கனநேரம், தம்பி."

போன் 'டிங்' என்கிறது. கண்ணாடியைத் தேடும் பொறுமை அவருக்கில்லை, என்னிடம் நீட்டுகிறார். "வாசியுங்கோ."

"கட்டுநாயக்க ஏர்போர்ட்டில இடிமழை. பாதை மாத்தி மத்தளயில இறங்கீட்டம்."

மதுரைக்காரனான எனக்குத் தெரிந்த மத்தளம் ஒன்றுதான். எழுத்துப்பிழையோ என்று கலங்குகிறேன். "மத்தளத்துலயா?"

அதற்குள் அக்கா முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, நெஞ்சில் கை வைத்துச் சிரிக்கிறார். "மத்தளம் இல்லைத் தம்பி, மத்தள. தெற்கில இருக்கிற மற்ற ஏர்போர்ட்."

"மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் அடின்னுதான் எனக்குத் தெரியும், அக்கா."

"இவ்வளவு நேரமும் அந்த மத்தளம் நான்தான்," என்கிறார். "பிள்ளை நல்லா இறங்கீட்டா."

அப்போதுதான் என் வெறும் இடியப்பம் அவர் கண்ணில் படுகிறது. "ஐயோ, சொதி விடேல்லையே!"

தட்டு நிரம்பி மேசையில் வழிகிறது; அகப்பை நிற்கவில்லை.