அழித்தும் தெரிந்த விடைகள்

காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்து என் மகள் வீட்டில்தான் படிக்கிறாள். கணக்கு என்றாலே அழுவாள். புதுக் கணக்குப் பயிற்சிப் புத்தகங்களுக்குத் தள்ளுபடி வரட்டும் என்று காத்திருந்தேன். வந்தும் விலை எனக்கு எட்டவில்லை. வில்லாபுரத்தில் ஒரு அம்மா பழையது விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

அந்த அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, தன் மகன் பென்சிலில் எழுதிய விடைகளை ரப்பரால் அழித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பக்கமாக அழித்து மெல்ல ஊதினார். அந்தத் தூள் வெயிலில் திருநீறுபோல மிதந்து அவருடைய கறுப்பு முக்காட்டில் இறங்கியது. நான் ஒரு புத்தகத்தை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன்.

"அழிச்சாலும் தடம் தெரியுதேக்கா. எம்புள்ள பாத்து எழுதிருவாளே" என்றேன்.

அவர் சிரித்தார். "எம்மகன் போட்டதுல பாதி தப்பும்மா. பாத்து எழுதுனா உனக்கும் தப்பாத்தான் வரும்னு சொல்லி வைங்க."

விலையையும் குறைத்துக்கொண்டார். "முடிச்சதும் நீங்களும் அழிச்சு, இதவிடக் கம்மியா இன்னொரு புள்ளைக்குக் குடுத்துருங்க."

மகளிடம் அப்படியே சொன்னேன். அவள் தடத்தை நம்பாமல் எல்லாக் கணக்கையும் தானே போட்டாள். போட்ட பிறகுதான் விரலால் தடவிப் பார்ப்பாள். கடைசிப் பக்கம் முடிந்த அன்று சொன்னாள்: "அம்மா, அந்த அண்ணே ஒண்ணுகூடத் தப்பா போடலயே."

இப்போது நான் ஜன்னலோரம் உட்கார்ந்து அழித்துக்கொண்டிருக்கிறேன். வாங்க வருகிறவர்கள் தடத்தைப் பற்றிக் கேட்டால், என் மகள் போட்டதிலும் பாதி தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வருமா? தாயே மீனாட்சி, அந்த அம்மாவின் மனசை எனக்கும் கொடு.