பெரியவர்களும் சிரமமின்றி ஏறலாம்

அலுவலகத்தில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. ‘முதல் பார்வை’ என்றுதான் கூப்பிட்டார்கள். கார் பத்திரிகையில் அவன் எழுதிவந்த பகுதியின் தலைப்பு அது. புது வண்டி வெளிவந்தால், யாரும் அதை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால், கண்ணுக்கு எப்படி இருக்கிறது என்று சொல்வது அவன் வேலை. எஞ்சின் எவ்வளவு இழுக்கும், எவ்வளவு பெட்ரோல் குடிக்கும் என்பதெல்லாம் வேறு ஆட்கள் பாடு.

“உனக்கென்னப்பா, பார்த்தாலே சம்பளம்” என்பார் கூட வரும் போட்டோகிராபர்.

நாற்பதைத் தாண்டிய தனிக்கட்டை. வண்டிக் கம்பெனிக்காரர்கள் கொடுக்கும் பேனாவைக்கூட மேசையிலேயே வைத்துவிட்டு வருகிற ஆள். அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று அக்கா நம்பினாள். தெரிந்து பொய் சொல்பவனிடம் எல்லோரும் உஷாராக இருப்பார்கள். பழக்கதோஷத்தில் சொல்பவனிடம்தான் ஏமாந்து போவார்கள்.

அந்தச் சின்னச் சொகுசு எஸ்.யூ.வி.யை ஒரு பெரிய ஹாலில், திரையை விலக்கிக் காட்டினார்கள். அழகான வண்டிதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாம்பல் கலந்த பச்சை நிறம். முன்பக்கம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. விளக்குகள் தூக்கம் கலையாத கண்கள் மாதிரி ஒடுங்கியிருந்தன. கூரை முன்னால் உயர்ந்து, பின்னால் போகப் போகச் சரிந்து, ஓட்டப்பந்தயத்துக்குக் குனிந்தவன் முதுகு போல இறங்கியது. சின்ன உடம்புக்குப் பெரிய சக்கரம். பின் கதவின் கைப்பிடியைக் காணவே காணோம், ஜன்னல் ஓரத்துக் கறுப்புப் பட்டைக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள்.

“வாயை மூடுப்பா, ஈ போயிடும்” என்றார் போட்டோகிராபர்.

அவன் கைப்பிடியைத் தேடிக் கண்டுபிடித்து இழுத்தான். கதவு அசையவில்லை.

“சார், பின் கதவு திறக்காது. காட்சிக்கு வச்ச வண்டி” என்றாள் கம்பெனிப் பெண்.

“உள்ளே எப்படி இருக்கும்?”

“சூப்பரா இருக்கும் சார்.”

கண்ணாடியில் நெற்றியை ஒட்டி, இரண்டு கைகளாலும் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். தேன் நிறத் தோல் உறை தெரிந்தது. அவ்வளவுதான் தெரிந்தது.

கட்டுரை நன்றாக வந்தது. விளக்குக்கு ஒரு பத்தி, கூரைச் சரிவுக்கு ஒரு பத்தி. கடைசிப் பத்தியில், “உயரமான அமைப்பு என்பதால் பெரியவர்களும் சிரமமின்றி ஏறி இறங்கலாம்” என்று எழுதினான். எழுதினான் என்பதைவிட விரல் தானாக அடித்தது என்பதே சரி. தாழ்வான வண்டி என்றால் ‘இளைஞர்களைக் கவரும்’, உயரமான வண்டி என்றால் ‘பெரியவர்களும் சிரமமின்றி’. சமைக்கிறவள் ருசி பார்க்காமல் உப்புப் போடுவது மாதிரி, கைக்கணக்கு.

இதழ் வெளிவந்த வாரமே அக்காவிடமிருந்து போன் வந்தது. மருந்துக் கடை வைத்திருப்பவள், எதையும் ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்கிறவள்.

“டேய் தம்பி, அந்தப் பச்சை வண்டியைப் பத்தி எழுதியிருக்கியே, எடுக்கலாம்னு பார்க்கறேன். அப்பா ஏறிடுவாரா?”

அவன் வேறொரு ஊரில், வேறொரு ஹாலில், வேறொரு திரை விலகக் காத்திருந்தான்.

“ஏறிடுவார்க்கா.”

“நெஜமாத்தான் சொல்றியா? இடது கால் இன்னும் தூக்க வரலைடா.”

“அதான் எழுதியிருக்கேனே. ஜம்முனு ஏறுவார்.”

திரை விலகியது. போனை வைத்தான்.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருஷம் ஸ்ட்ரோக் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அக்கா வீட்டில்தான் இருந்தார். வாரத்தில் சில நாட்கள் அவளே தன் பழைய காரில் ஏற்றி, ஊரின் மறுகோடியில் இருக்கும் பிசியோதெரபி நிலையத்துக்குக் கூட்டிப்போவாள். பல்லைக் கடித்துக்கொண்டு பயிற்சி செய்கிற மனிதர். கைத்தடியோடு கூடம் முழுக்க நடக்கிற அளவுக்குத் தேறியிருந்தார். இடது கையைத் தலைக்கு மேல் தூக்கி, தானே தலை சீவிக்கொண்டார். இந்த வியாதியில் சில மாதங்கள்தான் உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கும். அதற்குள் வாங்க வேண்டியதை வாங்கிவிட வேண்டும்.

அவன் வாரக்கணக்கில் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனபோது, வாசலில் பச்சை வண்டி பளபளவென்று நின்றது. உள்ளே அப்பா கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பட்டப்பகல். தலை கலைந்து கிடந்தது.

“என்னப்பா, உடம்புக்கு முடியலையா?”

“வந்தியா? சாப்பிடு போ.”

அடுப்படியில் அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். வண்டி வந்த முதல் நாளே அப்பாவைப் பின் இருக்கையில் ஏற்றப் பார்த்திருக்கிறாள். வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, முதலில் இடுப்பை இருக்கையில் வைத்து, பிறகு தலையைக் குனிந்து உள்ளே வாங்கி, கடைசியில் காலைத் திருப்ப வேண்டும். நிலையத்தில் சொல்லிக்கொடுத்த முறை அது. பழைய வண்டியில் அப்படித்தான் ஏறுவார். இதில் இடுப்பு இருக்கைக்கு எட்டவேயில்லை. நடுவழியில் சறுக்கி, வண்டிக்கும் நடைபாதைக்கும் நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டார். தெருவே கூடி அவரைத் தூக்கிவிட்டது.

“முன் சீட்ல உட்கார வச்சுப் பார்த்தியா?”

“பார்க்காம இருப்பேனா? சீட்டோட ரெண்டு ஓரமும் வரப்பு மாதிரி மேடு கட்டியிருக்கான். அதைத் தாண்ட முடியாம மாட்டிக்கிட்டார். அன்னிக்குப் படுத்தவர்தான். பயிற்சிக்கு வரமாட்டேங்கறார். பழைய வண்டியையும் குடுத்தாச்சு. டாக்சி கூப்பிடறேன்னேன், வேண்டாங்கறார். வீட்டுலயாவது செய்யுங்கன்னா காது கேட்காத மாதிரி படுத்துக்கறார்.”

“ஏனாம்?”

அக்கா அவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். “நீ எழுதினதுதான் ஏன். ‘எல்லாக் கெழமும் ஏறுற வண்டியாம், பத்திரிகையிலயே போட்டிருக்கான். அதுலயே ஏற முடியலைன்னா இந்தக் கட்டை இனி தேறாதும்மா, விட்டுடு’ங்கறார்.”

கையிலிருந்த டம்ளரை அவன் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

சாவியை வாங்கிக்கொண்டு வண்டியிடம் போனான். பின் கதவை அன்றுதான் முதல்முறையாகத் திறந்தான். பத்தி பத்தியாகப் புகழ்ந்ததெல்லாம் எதிரே வந்து நின்றது. பெரிய சக்கரத்தின் வளைவு கதவுக்குள் நுழைந்து, கால் வைக்கிற இடத்தில் பாதியைத் தின்றிருந்தது. கதவடியில் உள்ள மேடு ஒரு சாண் அகலம் இருந்தது. ஓட்டக்காரன் முதுகு என்று எழுதிய அந்தக் கூரை, ஏறுகிறவன் நெற்றிக்கு நேராகச் சரிந்து வந்தது. இரண்டு காலும் நன்றாக உள்ள அவனே மடங்கித்தான் உள்ளே போனான்.

தேன் நிற இருக்கையில் உட்கார்ந்து யோசித்தான். உண்மையைச் சொல்லாமலே சரிக்கட்டிவிடலாமா என்றுதான் முதலில் யோசித்தான். எல்லோரும் அப்படித்தான் யோசிப்பார்கள்.

உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். “அப்பா, நாளைக்கு நான் வேற வண்டி கொண்டுவரேன். பழைய மாதிரி, ஏற லேசா இருக்கும்.”

“எந்த வண்டியா இருந்தா என்னடா. வண்டியிலயா கோளாறு? கட்டையிலல்ல கோளாறு.”

“இல்லைப்பா, இந்த வண்டி கொஞ்சம்...”

“வண்டி நல்ல வண்டி. நீ எழுதினதைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். அழகா எழுதியிருக்கே.”

அதற்கு மேல் அவனால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றுகொண்டு சொன்னான். “நான் அந்தப் பின் சீட்ல உட்காரவே இல்லைப்பா.”

“எப்போ?”

“எழுதறப்போ. கதவே திறக்கலை. கண்ணாடி வழியா எட்டிப் பார்த்துட்டு எழுதிட்டேன்.”

அப்பா மெல்ல அவன் பக்கம் புரண்டு படுத்தார். ஸ்ட்ரோக் வந்த முகத்தில் கோபமா வருத்தமா என்று கண்டுபிடிப்பது கஷ்டம், பாதி முகம்தான் சொல்லும்.

“அப்போ பெரியவங்க ஏறலாம்னு எந்தப் பெரியவரைக் கேட்டு எழுதினே?”

“யாரையும் கேட்கலை.”

“என்னை நெனச்சு எழுதினியா?”

ஆமாம் என்றிருக்கலாம். சொன்னால் அப்பாவுக்கு ஆறுதலாகவும் இருந்திருக்கும். அவன் வாய் அதற்குத் திறக்கவும் திறந்தது. பிறகு, “இல்லைப்பா. உயரமான வண்டி எல்லாத்துக்கும் அதைத்தான் எழுதுவேன்” என்றான்.

“வெளிய போடா.”

கூடத்தில் அக்கா நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தது.

“போன்ல கேட்டேனேடா” என்றாள். “வாய்விட்டுக் கேட்டேனே. தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவரைக் கூட்டிட்டுப் போய் உட்கார வச்சுப் பார்த்திருப்பேனே.”

திட்டியிருந்தால் தேவலை. அவள் கேட்டது நியாயம்.

உள்ளேயிருந்து கைத்தடியால் தரையைத் தட்டும் சத்தம் வந்தது. “அவனை வரச்சொல்லு.”

அப்பா எழுந்து உட்கார்ந்திருந்தார். தானாகவே உட்கார்ந்திருந்தார்.

“பஸ்ல எள்ளு விழ இடமிருக்காது. நான் படியில தொங்கிக்கிட்டு, ‘உள்ள போங்க, உள்ள காலி, உள்ள காலி’ன்னு கத்துவேன். நம்பி ஏறினவன் நசுங்கிக்கிட்டே என்னைத் திட்டுவான். ‘யோவ், கண்ணு இருக்கா உனக்கு’ம்பான். திட்டட்டும்னு டிக்கெட்டைக் கிழிப்பேன். அதனால நான் யோக்கியன்னு சொல்ல வரலை. ஆனா ஒருத்தன்கூட, நம்ம உடம்புதான் வீங்கிப் போச்சுன்னு நெனச்சுக்கிட்டு எறங்கிப் போனதில்லைடா. நான் அப்படி நெனச்சேன். ஏன் தெரியுமா? சொன்னது நீ.”

அவன் அழுதுவிடுவான் போலிருந்தது. அப்பாவுக்கு அது பிடிக்காது.

“மூக்கைத் துடை. வா வண்டிகிட்ட. நீ ஏறிக் காட்டு. உனக்கு இடது கையும் கிடையாது, காலும் கிடையாது. ஏம்மா, ஒரு துண்டு கொண்டா, இவன் கையைக் கட்டு.”

அக்கா கொஞ்சமும் இரக்கமில்லாமல் கட்டினாள். அவன் வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, ஒற்றைக் காலில் பின்னால் சாய்ந்தான். இடுப்பு மேட்டில் இடித்தது. தலையைக் குனிவதற்குள் கூரை ஓரம் பின்மண்டையில் ‘ணங்’ என்று வைத்தது. பிடிக்கக் கை தேடி, பிடி கிடைக்காமல், சாக்கு மூட்டை சரிகிற மாதிரி இருக்கையில் குறுக்காக விழுந்தான். கால்கள் இரண்டும் தெருவில் இருந்தன. எதிர்வீட்டு டெய்லர் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

“என்ன சார்,” என்றார் அப்பா கைத்தடியில் சாய்ந்துகொண்டு, “சிரமமின்றி ஏறிட்டீங்களா?”

“ஏறலைப்பா.”

“சத்தமா சொல்லு. டெய்லருக்குக் கேட்கலையாம்.”

அப்பா சிரித்தார். இடது கடைவாயில் எச்சில் வழிந்தது. அக்கா அதைத் துடைத்துவிட்டு, “நாளைக்கு டாக்சியில போறோம். வரமாட்டேன்னு சொன்னா உங்களையும் கட்டுவேன்” என்றாள். சரியென்றார்.

அந்த மாத இதழில் அவன் திருத்தம் எழுதிக் கொடுத்தான். பின் கதவைத் திறந்து பார்க்காமல் எழுதிவிட்டேன், அந்த வண்டியில் நடமாட்டம் குறைந்தவர்கள் ஏறுவது கடினம் என்று. ஆசிரியர் உதட்டைப் பிதுக்கினார், கடைசிப் பக்கத்தில் சின்னக் கட்டமாகப் போட்டார். ‘முதல் பார்வைக்கு இப்போதான் ரெண்டாம் பார்வை வந்திருக்கு’ என்று அலுவலகத்தில் கொஞ்ச நாள் சிரித்தார்கள். சிரித்ததோடு சரி.

கையைக் கட்டிய மறுநாள் அவனும் டாக்சியில் கூடப் போனான். பிசியோதெரபிஸ்ட் ஒரு நடுவயதுப் பெண். வளவளவென்று பேசுகிற வழக்கமில்லை. அப்பாவைப் பெஞ்சில் உட்கார வைத்து, சட்டையைக் கழற்றி, காலை மடக்கி நீட்டிப் பார்த்தாள். கால் பரவாயில்லை. பிறகு இடது கையைப் பிடித்து மேலே தூக்கினாள். தோள் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிட்டது. அதற்கு மேல் தூக்கியபோது அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“இதைத் தலைக்கு மேல தூக்கிட்டிருந்தாரே” என்றாள். “பயிற்சியை விட்டதுல தோள் இறுகிடுச்சு.”

“பழையபடி வருமா?” என்று அவன் கேட்டான்.

“கொஞ்சம் வரும். முழுசா வரும்னு நான் சொல்லமாட்டேன்.”

அவள் அடுத்த ஆளைப் பார்க்கப் போனாள். அப்பா தன் கையைத் தானே தூக்கிப் பார்த்தார், அது போகிற இடம் வரைக்கும்.

“மேல் கம்பி எட்டாது” என்றார். “எட்டாட்டிப் போகுது. நான் எந்த பஸ்ல இனி நின்னுக்கிட்டுப் போகப்போறேன்?”

அவனைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னார். அது புரிந்ததால் அவனுக்கு இன்னும் மோசமாக இருந்தது. சட்டையை எடுத்து, இடது கையை முதலில் நுழைத்து, வலது கையை அப்புறம் நுழைத்துப் போட்டுவிட்டான். அந்த வரிசையை அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தான். பிறகு பொத்தானைப் போடக் கையை நீட்டினான்.

அப்பா அவன் கையைத் தட்டிவிட்டார். “அதை நான் போட்டுக்குவேன். நீ சும்மா நில்லு.”

வலது கை ஒன்றால் போட வேண்டும். மேல் பொத்தான் ஓட்டைக்குள் போவது போல் போய் வெளியே வந்தது. வெளியில் டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார். அவன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அப்பாவின் விரல்களையே பார்த்தபடி நின்றான்.