ரேடியோவுக்குள் முளைத்த முடி

அறுபதுகளில் திண்டுக்கல்லில் ஒரு ரேடியோ ரிப்பேர்க்காரர் இருந்தார். குள்ளமான, சிரிக்காத ஆள். வலது கை நடுவிரலில் மட்டும் நீளமாக நகம் வளர்த்திருந்தார்.

நான் வேலை பார்த்த, தோல் பதனிடும் ஷாப் முதலாளியின் கார் ரேடியோ அடிக்கடி ஊமையானது. டிரைவர் நோண்டியே கெடுத்துவிட்டான் என்று முதலாளி கத்திக்கொண்டிருந்தார்.

ரிப்பேர்க்காரர் ரேடியோவின் மூடியைக் கழற்றினார். உள்ளே பட்டாணி அளவில் இருந்த டிரான்சிஸ்டரை நகத்தால் சுண்டினார். ரேடியோ பாடியது.

"இதுக்குள்ள வெள்ளீயத்துல முடி மாதிரி முளைக்குது முதலாளி. அது கம்பியில முட்டுனா பாட்டு நின்னுரும். சுண்டுனா ஒடிஞ்சிரும். டிரைவர் மேல குத்தமில்ல."

"ஈயத்துல முடியா? எங்க, காட்டுய்யா!"

"காட்டணும்னா இத வெட்டணும். வெட்டுனா ரேடியோ பாடாது."

ரேடியோவை வெட்ட முதலாளிக்கு மனம் வரவில்லை. டிரைவரை அன்றே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

மறுநாளிலிருந்து காரை ஓட்ட என்னைப் போட்டார்கள். அன்றிலிருந்து வலது கை நடுவிரல் நகத்தை மட்டும் நான் வெட்டியதில்லை.