விதை வாரம்

முறத்தில் கிடந்த நிலக்கடலை மட்டும் வேறு நிறமாக இருந்தது. கடலையின் தோல் சிவப்புதான், ஆனால் இது அந்தச் சிவப்பில்லை. ரோஸ் பவுடரில் புரட்டி எடுத்த மாதிரி இருந்தது, தொட்ட விரலில் ஒட்டியது. மோந்து பார்த்தேன். 

அந்த வாடை எனக்குத் தெரியும். முந்தின வாரம்தான் எங்கள் வீட்டில் அண்ணன் விதைக் கடலைக்கு மருந்துப் பொடி கலந்தார். உர டிப்போவில் புதிதாகக் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். விதை மண்ணுக்குள் அழுகாதாம், எறும்பு தூக்காதாம். சாக்கில் போட்டுக் குலுக்கும்போது வாசலில் சிந்தியதைக் கோழிகள் பொறுக்கின. பொழுது சாய்வதற்குள் அத்தனையும் காலை நீட்டிவிட்டன. அண்ணன் பேசாமல் குழி வெட்டிப் புதைத்தார்.

அதே பொடி பூசிய கடலை இப்போது என் வகுப்புக்குள் வந்திருக்கிறது. முறத்தில் கிடக்கிற கொஞ்சம்தான் வந்ததா, இல்லை ஒரு கைப்பிடி வந்து மீதி எந்தப் பிள்ளையின் வயிற்றுக்குள்ளாவது போய்விட்டதா என்று தெரியவில்லை. எதிரே சாக்கு விரிப்பில் உட்கார்ந்து பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள்.

இது நடந்தது எழுபதுகளின் நடுவில், மலையாள நாட்டு எல்லைக்குள், வடகரப்பதிப் பக்கத்தில் ஒரு பாலவாடியில். பாலவாடி என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பருத்திக் குடோனின் முன்னறை, ஒரு கரும்பலகை, உப்புமா கிண்ட ஒரு ஆயா, பள்ளிக்கூடம் போகிற வயது வராத பிள்ளைகள், டீச்சர் என்று நான். எனக்குக் கல்யாணமாகவில்லை. கோபம் மூக்கு நுனியில் இருக்கும், அதனால்தான் ஆகவில்லை என்று வீட்டில் சொல்லிக்கொண்டார்கள்.

வாரத்துக்கு ஒரு பொருள் என்று மேலேயிருந்து மலையாளத்தில் தாள் வரும். ஒரு வாரம் மழை, ஒரு வாரம் மாடு, ஒரு வாரம் கப்பல். கப்பலை நானே கண்டதில்லை. அந்த வாரத்தை மாட்டு வண்டியாக மாற்றிக்கொண்டேன், யாரும் கேட்கவில்லை. திங்கட்கிழமை அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். பிறகு மணலில் விரலால் வரைவது, பாட்டுக் கட்டிப் பாடுவது. வியாழக்கிழமை அந்த வாரத்துப் பொருளை ஆளுக்குக் கொஞ்சம் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். மழை வாரத்தில் ஒருவன் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வாசலிலேயே கொட்டிவிட்டு அழுதான்.

கொண்டுவருவது தின்கிற பண்டமாக இருந்தால் அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தேன். கொண்டுவந்தவர் முதலில் தின்னக் கூடாது. பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிட்டுக் கடைசியில்தான் தின்ன வேண்டும். ஆரம்பத்தில் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகள் முறுக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தச் சட்டத்தைப் போட்டு, ஒரு தோட்டத்துப் பிள்ளை, ஒரு கூலிக்காரர் பிள்ளை என்று மாற்றி மாற்றி உட்கார வைத்தேன். இதற்காக எங்கள் சொந்தத்திலேயே சிலர் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். தொல்லை விட்டது என்று இருந்துவிட்டேன்.

அந்த வாரம் விதை. ஆடி பிறந்து ஒரு மழையும் பெய்து, ஊரே கடலை போட்டுக்கொண்டிருந்தது. பிள்ளைகள் புளியங்கொட்டை, வேப்பங்கொட்டை, அவரை, சோளம் என்று கொண்டுவந்து முறத்தில் கொட்டியிருந்தார்கள். அதை வகை பிரிக்கும்போதுதான் ரோஸ் நிறக் கடலை கண்ணில் பட்டது.

"பாட்ட நிறுத்துங்க," என்றேன். "இந்தக் கடலை ஆரு கொண்டாந்தது?"

பாட்டு பாதியில் நின்றது.

"அடிக்க மாட்டேன் கண்ணு. ஆருன்னு மட்டும் சொல்லுங்க."

அடிக்க மாட்டேன் என்று டீச்சர் சொன்னால் என்ன அர்த்தம் என்று பிள்ளைகளுக்குத் தெரியாதா. எல்லாத் தலையும் குனிந்துகொண்டன.

எதற்குப் பயப்படுகிறார்கள் என்று எனக்குப் புரியாமல் இல்லை. எங்கள் பக்கத்தில் விதைக்கென்று எடுத்து வைத்ததைத் தொடக் கூடாது. வீட்டில் அடுப்பு எரியாவிட்டாலும் அதில் கை வைக்க மாட்டார்கள். விதை மொடாப் பானைக்குள் கை விட்ட பிள்ளையைத் தோலை உரித்துவிடுவார்கள். மருந்து கலந்ததை எந்த வீட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்லாததற்கும் அதுதான் காரணம். யாரும் தொடப்போவதில்லையே, பிறகு எதற்குச் சொல்வது என்று இருந்துவிட்டார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். கோழி செத்த பிறகுதான் அண்ணன் வாயைத் திறந்தார்.

நாக்கை நீட்டச் சொன்னேன். ரோஸ் நிறம் ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு வாயாகக் குனிந்து பார்த்தேன். முதல் வரிசையில் ஒரு சுண்டைக்காய்ப் பயல், இது ஏதோ விளையாட்டு என்று நினைத்து, கண்ணை உருட்டிப் பழிப்புக் காட்டினான். சிரிப்பு பரவியது. அவ்வளவுதான், எனக்குப் பொறுமை போய்விட்டது.

"கேக்கறது காதுல உளுகுதா இல்லியா? வாய்க்குள்ள என்ன கொளுக்கட்டையா?"

சிரித்ததெல்லாம் அழ ஆரம்பித்தது. இனி எந்த வாயையும் பார்க்க முடியாது. அடுப்படியிலிருந்து ஆயா கரண்டியோடு ஓடி வந்தாள்.

"ஏனுங் டீச்சர், பச்சப் புள்ளைகளப் போயி..."

"நீ போயி உப்புத் தண்ணி கரைச்சுக் கொண்டா. சொம்பு நெறையா."

 ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பிச் சட்டைப் பையையும் பாவாடை மடிப்பையும் மோந்து பார்த்தேன். ஒருவனுடைய டிராயர் பையில் அந்த வாடை அடித்தது. பையை வெளியே இழுத்தேன், துணியெல்லாம் ரோஸ். குடோனை எங்களுக்கு இனாமாக விட்டிருந்த பண்ணாடியின் கடைசிப் பையன் அவன். பண்ணாடி என்றால் ஊரில் பெரிய தோட்டக்காரர். அவர் கை எப்படிப்பட்டது என்று அந்தப் பையனின் முதுகைப் பார்த்தால் தெரியும்.

"நானில்லீங் டீச்சர்," என்றான், பை என் கையில் இருக்கும்போதே.

"உங்கப்பன்கிட்டச் சொல்லமாட்டேன் சாமி. சத்தியமாச் சொல்லமாட்டேன். வெதக் கடலைய எடுத்தயா?"

 ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

"தின்னயா?"

"இல்லீங் டீச்சர்."

நான் நம்பவில்லை. எப்படி நம்புவது, இப்போதுதானே நானில்லை என்றான். ஆயா கொண்டுவந்த சொம்பை வாங்கி, அவனை மடியில் கிடத்தி வாயில் ஊற்றினேன். பல்லைக் கடித்துக்கொண்டான். ஆயா காலைப் பிடித்துக்கொள்ள, நான் மூக்கைப் பிடித்தேன். உப்புத் தண்ணீர் அவன் காதிலும் கழுத்திலும் வழிந்தது. எப்படியோ இரண்டு மடக்கு உள்ளே போனது. ஓங்கரித்தான், வெறும் தண்ணீர்தான் வந்தது. இன்னும் ஊற்றினேன். எவ்வளவு நேரம் அப்படிப் போராடினோம் என்று தெரியாது. அந்த நேரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு பதறுகிறது. ஏனென்றால் அவன் திமிறி எழுந்து, மூச்சு வாங்கிக்கொண்டே இப்படிச் சொன்னான்:

"நாந் தின்னுலீங் டீச்சர். கொண்டாந்தவிங்க கடைசீலதான தின்னோணும். பிரேயருக்கு முன்னாலயே பக்கத்துல குடுத்துப்போட்டனுங்."

அவன் பக்கத்து இடத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

அங்கே உட்காருகிறவள் அவர்கள் தோட்டத்திலேயே கூலிக்குப் போகிற ஒருத்தியின் மகள். எதையும் கேட்டு வாங்காத பிள்ளை. மற்றதெல்லாம் அழுதுகொண்டிருக்க, அவள் மட்டும் அழாமல் சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வேர்வை. கடைவாயில் எச்சில் ஒழுகியது. அது ரோஸ் நிறமாக இருந்தது.

"எவ்வளவு கண்ணு தின்னே?"

கையை விரித்தாள். உள்ளங்கையில் இன்னும் கொஞ்சம் கடலை நசநசவென்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது எங்கம்மாளுக்குங்," என்றாள்.

தட்டிவிட்டு, சொம்பில் மிச்சமிருந்த உப்புத் தண்ணீரை அவளுக்குப் புகட்டினேன், வாந்தி வரவில்லை. அவளை வாரித் தூக்கிக்கொண்டேன். ஆயாவைத் தோட்டத்துக்கு விரட்டினேன், தாயைக் கையோடு கூட்டிவா என்று. முறத்தை வெளியே எடுத்து வைத்துவிட்டு, பிள்ளைகளைக் குடோனுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினேன். மத்தியானம் வரைக்கும் பஸ் கிடையாது. தென்னந்தோப்புகளில் கள்ளு எடுத்துக்கொண்டு போகிற வண்டி ஒன்று காலையில் அந்த வழியாக வரும். அது போய்விட்டதா, இல்லையா. ரோட்டில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தேன். என் தோளில் அவள் தலை துவண்டு துவண்டு விழுந்தது. கண்ணை மூடாதே, கண்ணை மூடாதே என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எந்தச் சாமியையும் விடாமல் திட்டினேன்.

வண்டி வளைவில் திரும்பியபோது தாயும் வரப்பில் ஓடி வந்துகொண்டிருந்தாள். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். காலெல்லாம் சேறு.

"என்னாச்சுங் டீச்சர், எம் புள்ளைக்கு என்னாச்சுங்?"

"வெதக் கடலையத் தின்னுபோட்டா. வாந்தி வரமாட்டீங்குது."

"இங்க குடுங்க. தொண்டைக்குள்ள வெரல உட்டு எடுத்துப்போடறேன்." பிள்ளையின் தாடையைப் பிடிக்கக் கையை நீட்டினாள்.

அந்தக் கையைப் பார்த்தேன். முழங்கை வரைக்கும் ரோஸ். நகக்கண்ணிலெல்லாம் அப்பிக் காய்ந்திருந்தது. ஏருக்குப் பின்னால் நடந்து, மடியிலிருந்து அள்ளி அள்ளிச் சாலில் கடலை போட்ட கை.

"தொடாத," என்று கத்திவிட்டேன். "நீ தொடாத."

அவள் அப்படியே நின்றுவிட்டாள். எங்கள் வீட்டுப் பெண்கள் வாசலில் வைத்து அவளிடம் வாழ்நாளெல்லாம் சொன்ன வார்த்தை அது. அதே வார்த்தையைத்தான் நானும் சொல்கிறேன் என்று அவள் நினைத்தது முகத்தில் தெரிந்தது. விளக்க நேரமில்லை. கேவலமாக இருந்தது, அழுகையாகவும் வந்தது. "கையக் கழுவீட்டு வா, கையில மருந்து இருக்குது," என்று வண்டிக்குள் ஏறிக்கொண்டே சொன்னேன். அவள் ரோட்டோரத்துக் குழியிலிருந்த மழைத் தண்ணீரில் கையை முக்கி, மண்ணை அள்ளித் தேய்த்துவிட்டு ஓடி வந்து ஏறினாள். கள்ளுப் பானைகளுக்கு நடுவில் உட்கார்ந்தோம். பிள்ளை என் மடியில், தாய் எதிரில். கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பிள்ளையின் முகத்தை மட்டும் பார்த்தபடி வந்தாள். வண்டி குலுங்கும்போது பிடித்துக்கொள்ளக்கூடக் கையை எடுக்கவில்லை.

ஆசுபத்திரியில் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். எங்களை வெளியே நிறுத்திவிட்டார்கள். உள்ளேயிருந்து ஒருமுறை அலறல் கேட்டது, பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றும் கேட்காததுதான் பயமாக இருந்தது. தாய் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். நான் நடந்துகொண்டே இருந்தேன், நர்ஸ் ஒருத்தி வந்து என்னை அதட்டி உட்கார வைக்கும் வரைக்கும்.

டாக்டர் வெளியே வந்து, பயமில்லை, இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார். பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து தாயிடம் கொடுக்கப் போனார்கள். அவள் வாங்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"இப்பத் தொடலாமுங்களா டீச்சர்?"

எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சோப்புப் போட்டு நானே தேய்த்துக் கழுவிவிட்டேன். எவ்வளவு தேய்த்தும் நகத்தடியில் இருந்தது போகவில்லை. அவள் தன் கையையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொடி வெசமுங்களா?"

"ஆமா. வெசந்தான்."

"முந்தாநேத்தும் நேத்தும் இந்தக் கையோடதானுங் நாங்க அத்தன பேரும் சோறு உண்டோம். வரப்புலயே உக்கோந்து. தண்ணி தூரத்துல இருக்குதுன்னு முந்தானைல தொடச்சுப்போட்டு உண்டோமுங்."

குழாயை மூடினேன். அவள் நர்ஸிடமிருந்து பிள்ளையை வாங்கிக் கன்னத்தோடு அணைத்தாள். பிள்ளை ஈனஸ்வரத்தில் ஏதோ முனகியது. சட்டென்று அவள் நிமிர்ந்தாள்.

"மணி என்னங் டீச்சர்?"

"பன்னெண்டாகப் போவுது."

"சோத்துக்கு உக்கோந்துருவாங்களுங்," என்றாள்.

பிள்ளையை என் மடியில் வைத்தாள். அது அம்மா என்று சேலையைப் பிடித்தது. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டு, வாசலைத் தாண்டி வாய்க்கால் வழியாக ஓடினாள். வண்டி எப்போதோ போய்விட்டிருந்தது. நல்ல தூரம். பிள்ளை அழுது அழுது என் மடியிலேயே தூங்கிப்போனது.

பொழுது இறங்கும்போது, மற்றப் பிள்ளைகளை வீடுகளில் விட்டுவிட்டு ஆயா தேடிக்கொண்டு வந்தாள். தோட்டத்தில் நடந்ததை அவள்தான் சொன்னாள். தாய் போய்ச் சேர்ந்தபோது சோற்றுத் தூக்குப்போசிகளைத் திறந்துவிட்டிருந்தார்களாம். பேச மூச்சில்லாமல், வாய்க்குச் சோறு கொண்டுபோன ஒருத்தியின் கையை ஓங்கித் தட்டிவிட்டாளாம். சோறு மண்ணில் விழுந்ததைப் பார்த்து எல்லோரும் அடிக்க வந்துவிட்டார்களாம். விஷயத்தைச் சொன்ன பிறகு கிணற்றுமேட்டுத் தொட்டிக்குப் போய், மண் போட்டுத் தேய்த்துக் கழுவினார்களாம்.

"அப்பறம்?" என்று கேட்டேன்.

"அப்பறமென்னங், உண்டுபோட்டு மறுக்காவும் கடலை போடப் போனாங்களுங். ஏரு நிக்குதுன்னு பண்ணாடி சத்தம் போட்டாருங்."

"இவளுமா?"

"இவளுந்தானுங். புள்ளையத்தான் டீச்சர் பாத்துக்கறாங்களேன்னு சொன்னாளுங்."