கடியல்ல, எரிவு

“என்ன செய்கிறது?” என்று மருத்துவர் கேட்டபோது தமிழில்தான் சொன்னேன்: “எரியுது.” கணவரின் தங்கை, என் மச்சாள், அதைப் பிரெஞ்சில் சொன்னாள். ‘மிக்கோஸ்’ (பூஞ்சைத் தொற்று) என்று எழுதிப் பூசுமருந்து தந்தார் மருத்துவர்.

பிரான்சில், லா ஷப்பல் பகுதியில், இரண்டு வருடம் இதே கதை. பூசினால் இன்னும் எரியும். மாதவிலக்குக்கு முந்திய கிழமை, அந்த ஏழு நாளும், உட்காரவே முடியாது. கணவர் அருகில் வந்தால் விலகிப் படுத்தேன். வாய்விட்டுச் சொல்ல வெட்கம். எனக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். “தயிர் சாப்பிடுங்கோ, துப்புரவா இருங்கோ” என்றாள் மச்சாள். நான் என்ன ஊத்தைக்காரியா? குளியலறையில் நின்று அழுதேன்.

பிறகு ஒரு பிரெஞ்சு உணவகத்தின் சமையலறையில் வேலை கிடைத்தது. முதல் நாளே சமையற்காரர் சூடான தட்டோடு வந்து “சா ப்ரூல்!” என்று கத்தினார். சுடும், எரியும் என்று அர்த்தம். பாத்திரம் கழுவியபடியே யோசித்தேன். மருத்துவரின் அறையில் இந்தச் சொல்லை ஒருநாளும் கேட்டதில்லை. மச்சாள் அங்கே சொன்னதெல்லாம் ‘சா கிரத்’. நுளம்பு (கொசு) கடித்த இடத்தைச் சொறிந்துகொண்டு அவளுடைய மகள் சொல்லும் சொல் அது. கடிக்கிறது (அரிக்கிறது).

அன்றே கேட்டேன். “நான் எரியுது எண்டுதானே சொன்னனான், மச்சாள்?”

“உள்ளுக்கை எரியுது எண்டால் டொக்டர் உங்களையும் அண்ணையையும் பற்றியெல்லோ கேப்பா. எனக்கு வெக்கமா இருக்காதே?”

வெட்கம் அவளுக்கு. எரிந்தது எனக்கு. இவளை நம்பித்தானே கதவைச் சாத்திவிட்டு மருத்துவரின் சோதனைக் கட்டிலில் படுத்தேன்?

அடுத்த முறை தனியாகப் போய் “சா ப்ரூல்” என்றேன். மருத்துவர் பேனாவை வைத்துவிட்டார். கசிவை எடுத்து நுணுக்குக்காட்டிச் சோதனைக்கு அனுப்பினார். பூஞ்சையே இல்லை. யோனியைக் காக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அளவுமீறிப் பெருகி, அமிலம் கூடி, அங்குள்ள உயிரணுக்கள் உடைகின்றன (சைட்டோலிட்டிக் வஜினோசிஸ்) என்றார். உள்ளேயும் வேண்டியவர்கள் செய்த வேலைதான். சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன.

பூஞ்சை மருந்து நின்றது. சோடியம் பைகார்பனேட் கரைத்த இளஞ்சூட்டு நீரில் உட்காரச் சொல்லி, அளவையும் நாட்களையும் எழுதித் தந்தார். அப்பத்துக்குப் போடும் அதே சோடா! இதை வாசிக்கும் நீங்கள் மருத்துவரிடம் சோதிக்காமல் இதைச் செய்யாதீர்கள்; எரிவுக்குக் காரணங்கள் பல.

கணவரிடம் நானே சொன்னேன். “நான் வேறை என்னவோ எண்டெல்லோ நினைச்சன்” என்றார்.

இப்போது என் மாதத்தில் மாதவிலக்குக்கு முந்திய அந்த ஒரு கிழமை தனியாக நிற்கிறது. அது வந்ததும் உடம்பிடம் கேட்கிறேன்: கடியா, எரிவா? சில மாதங்களாக இரண்டும் இல்லை. போன அந்த இரண்டு வருடத்தை மட்டும் யாரிடமும் திருப்பிக் கேட்க முடியவில்லை.

போன வாரம் மச்சாள் தொலைபேசியில், “டொக்டரிட்டை நானும் வரட்டே?” என்றாள்.

“வேண்டாம் மச்சாள். எனக்கு இப்ப சொல்லத் தெரியும்.”