அப்பாவின் பேச்சுக்கு எரிந்த தேங்காய் எண்ணெய்

எங்கள் அப்பாவுக்கு மைக் கிடைத்தால் போதும், சோறு வேண்டாம். கேட்கிறவர்களுக்குத்தான் சோறு வேண்டியிருந்தது. தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி பாறசாலைப் பக்கமெல்லாம் கூட்டம் நடந்த காலம் அது. அமரவிளையில் அப்பா பேச எழுந்ததும் ஜனம் ஒவ்வொருவராகக் கழன்று, கடைசியில் மேசைக்காரர் மட்டும் மிஞ்சினார். மேசையைத் திரும்ப எடுத்துப் போக வேண்டுமே! அடுத்த முறையும் ஆள் கலைந்தால் இனி மேடை இல்லை என்று தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார். அப்பா ஒரு வாரம் கண்ணாடி முன் நின்று கையை நீட்டிப் பழகினார். எட்டு வயதான எனக்கே பாவமாக இருந்தது.

மைக்குக்குக் கரண்டு தருவது அம்மையின் தம்பி, என் மாமன். சந்தைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் டீசல் எஞ்சின் வைத்துப் பத்துக் கடைக்கு விளக்கு எரித்தவர். எங்கள் ஊர் பவர்ஹவுஸ் அதுதான். எண்ணெய் எப்படி மாமா வெளிச்சமாகும் என்று கேட்டால், "எண்ணெய் உள்ள போய்ப் பத்தும் மக்கா. அந்தத் தள்ளுல சக்கரம் சுத்தும், சக்கரம் டைனமோவைச் சுத்தும், டைனமோ கரண்டு தரும். அவ்வளவுதான் ஆக்கும்" என்பார்.

கூட்டத்தன்று கடையடைப்பு. அப்பாவே வீடு வீடாகப் போய்ச் சொல்லி நடத்திய கடையடைப்பு. அதில் டீசல் லாரியும் வரவில்லை! மாமன் பீப்பாயைச் சரித்துக் காட்டினார். ஐந்து நிமிஷத்துக்குக்கூடக் காணாது. அம்மை நேரே வீட்டுக்குப் போய், கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெய் டின்னைத் தலையில் சுமந்து வந்தாள்.

"அக்கா, இது முறுக்கு சுட உள்ளதில்லா?"

"எஞ்சின் குடிக்குமா, குடிக்காதா? அதைச் சொல்லு."

குடித்தது. மிச்ச டீசலில் எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி, எண்ணெயை உருக்கித் துணியில் வடிகட்டி மாமன் ஊற்றினார். எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு ஓடியது. மைக் கணீரென்றது. புகை நேராக, கூட்டம் நடந்த பக்கத்து மைதானத்துக்குப் போனது. அடடா, அந்த மணம்! சட்டியில் வடை பொரிகிற மணம்!

அப்பா ஆரம்பித்ததுமே வழக்கம்போல ஒருவர் எழுந்தார். பக்கத்தில் இருந்தவர் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தார். "இரும் ஓய், வடை உண்டு. மணம் அடிக்கில்லா?" அவர் உட்கார்ந்துவிட்டார். காலையிலிருந்து ஒரு சாயாவுக்கும் வழியில்லாத ஜனம். சேதி வரிசை வரிசையாகப் போனது. ரோட்டில் நின்றவர்களும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அப்பா இரண்டு மணி நேரம் பொழிந்தார். ஒருவர் அசைய வேண்டுமே! முடிந்ததும் கைதட்டல் அதிர்ந்தது. பிறகு எல்லாரும் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார்கள். மாமன் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பின்வழியாக ஓடிவிட்டார்.

வீட்டுக்கு நடக்கையில் அப்பா தரையில் இல்லை. "ஒருத்தன் எழும்பினானா? நீ பாத்தியா மக்கா?" என்றார் என்னிடம்.

"இல்லப்பா, அவங்க எல்லாம் வட..." என்று ஆரம்பித்தேன். அம்மை என் கையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். உயிர் போகிற கிள்ளு. கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

அப்பா அதைப் பார்த்துவிட்டார். "பாத்தியாட்டி, பிள்ளைக்கே கண்ணு நெறஞ்சிட்டு!"

"பின்னே? அப்படியாப்பட்ட பேச்சில்லியா பேசினிய!" என்றாள் அம்மை.

பொய் சொன்னால் வாயில் மிளகாய் தேய்ப்பேன் என்று தினமும் என்னை மிரட்டுகிறவள், இவ்வளவு பெரிய பொய்யை இத்தனை சந்தோஷமாக எப்படிச் சொல்கிறாள் என்று, கையைத் தடவிக்கொண்டே நடந்த எனக்கு விளங்கவே இல்லை.