ஒன்றரை அங்குலம்

பல்கலைக்கழகத்தின் மேற்படிப்புப் பள்ளியில் வகுப்பு கிடையாது, வாத்தியார் கிடையாது, மணியும் அடிப்பதில்லை. ஆனால் அதைத் தாண்டாமல் யாரும் ஆராய்ச்சிப் பட்டம் வாங்க முடியாது. ஐம்பது வருடங்களுக்கு முன் ஒவ்வொரு துறையும் தானே பட்டம் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரு பேராசிரியர் தன் மாப்பிள்ளைக்கே கொடுத்த பிறகு, எல்லாவற்றையும் ஒரே சல்லடையில் சலிக்க நூலக மாடியில் இரண்டு அறை ஒதுக்கினார்கள். பிற்பாடு அங்கே சல்லடையாக வாய்த்த குமாஸ்தாதான் ஸ்கேல்காரர்.

ஆய்வேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் இரும்பு ஸ்கேலை வைத்து, இடப்பக்க ஓரம் ஒன்றரை அங்குலம் இருக்கிறதா என்று பார்ப்பார். பக்க எண் அடியிலிருந்து அரை அங்குலத்தில் நிற்க வேண்டும். அது என்ன எண் என்பது அவர் இலாகா அல்ல. இருபத்தெட்டு வருடத்தில் ஒரு வரி படித்ததில்லை. படித்தால் அளவு தப்பும் என்பது அவர் கட்சி.

ஓய்வுக்கு ஐந்து மாதம் இருக்கையில், பொன்விழாவுக்காகப் பழைய ஆய்வேடுகளை ஸ்கேன் செய்து இணையத்தில் போட உத்தரவு வந்தது. ஸ்கேன் செய்யும் பெண் ஒரு தடித்த ஏட்டைத் தூக்கி வந்தாள்.

“அண்ணே, இதுல மூணாவது சாப்டர் ரெண்டு வாட்டி இருக்கு. நாலாவதைக் காணோம்.”

முதல் பக்கத்தில் ‘முழுமையாகச் சரிபார்க்கப்பட்டது’ என்ற முத்திரை. கீழே அவர் கையெழுத்து. எழுதியவர் பெயரைப் பார்த்தார். பள்ளியின் இப்போதைய டீன். குறையுள்ள ஏட்டுக்குப் பட்டம் செல்லாது, சரிபார்த்தவருக்கு வேலை கிடையாது என்பது விதி. அதைத் தட்டச்சு செய்தவரும் ஸ்கேல்காரரே.

ஏட்டை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். வீட்டில் சாப்பாட்டின் நடுவில் சட்டைப்பையைத் தடவிச் சாவி இருக்கிறதா என்று பார்த்தார். அவர் நெஞ்சைத் தடவுவதாக நினைத்த மனைவி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னாள்.

நாலாம் நாள் டீன் கூப்பிட்டார். ஸ்கேன் ஆன பட்டியலில் தன் ஏடு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டார். ஸ்கேல்காரர் எடுத்துவந்து நீட்டினார். புரட்டிக்கொண்டே போன டீனின் கை ஒரு பக்கத்தில் நின்றது. கதவைச் சாத்தச் சொன்னார்.

“நீங்க இதைப் படிச்சீங்களா?”

“இல்ல சார். அளந்தேன்.”

“ஒளிச்சு வெச்சாத்தான் கேள்வி வரும். மத்ததோட சேர்த்துப் போட்டுடுங்க. ஆயிரம் தீசிஸ்ல இதை யாரு தேடிப் படிக்கப் போறா?”

போட்டார்கள். எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்ற கணக்கும் இணையத்தில் கூடவே தெரிந்தது. ஸ்கேல்காரர் தினமும் காலையில் முதல் வேலையாக அந்த ஏட்டைத் திறந்து கணக்கைப் பார்த்தார். நாளுக்கு இரண்டு வீதம் ஏறிக்கொண்டே போனது. ஒன்று தன்னுடையது என்று தெரியும். இன்னொருவர் யார் என்று டீனிடம் கேட்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. டீனும் அவரிடம் கேட்கவில்லை. ஆனால் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டிருந்தார்.